காந்தம் ஆகாது

பின்சீட்டிலிருந்து எக்கி, முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே உடம்பைத் திணித்து, ஸ்டியரிங்கை வலது கையால் எட்டிப் பிடித்து இழுத்தாள் சித்ரலேகா.

எதிரே வாழைத்தார் லாரி. அதன் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"ஏ இசக்கி, நிமிரு. ரோட்டைப் பாரு."

இசக்கிமுருகன் நிமிரவில்லை. தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போயிருந்தது. டேஷ்போர்டுக்கு மேலே அவளுடைய செல்போன் நிற்க வேண்டிய ஹோல்டர் கழுத்து ஒடிந்து காலியாகத் தொங்கியது. போன் விழுந்திருக்கிறது, ஓடுகிற வண்டியில் அதைப் பொறுக்கக் குனிந்திருக்கிறான் மடையன். அவளுக்கு இவ்வளவும் ஒரு நொடியில் புரிந்தது. அடுத்த நொடியில் லாரியின் முகம் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டது.

கார் இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. லாரி மயிரிழையில் விலகிப் போனது. கார் தார் விளிம்பைத் தாண்டிச் சரளையில் இறங்கி, கருங்குளம் மலையடிவாரத்துப் புளியமரம் ஒன்றைக் குறிவைத்து ஓடியது. புத்தம் புது ஜெர்மன் வண்டி. தன் பங்குக்கு அதுவும் பீப் பீப்பென்று அலறியது.

அப்போதுதான் யாரோ நெஞ்சில் உதைத்ததுபோல் விலுக்கென்று நிமிர்ந்தான் இசக்கிமுருகன். பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றபோது, புளியமரத்துக்கும் காரின் மூக்குக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையலாம். ஒல்லியான ஆளாக இருந்தால்.

சித்ரலேகாவின் மடியிலிருந்த வழக்குக் கட்டு கால்மிதியில் சிதறிக் கிடந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். வெயில் ஏறாத காலையில் அப்படி ஒரு வியர்வை.

"என்னடே செஞ்ச?"

அவன் மூச்சு வாங்கினான். குனிந்து காலடியைப் பார்த்தான். "போன் விழுந்துட்டும்மா. பிரேக்குக்கு அடியில போயிட்டு."

"அதுக்கு உயிரை விடணுமா? சனியன் கெடந்துட்டுப் போகட்டும்னு விட வேண்டியதுதானே."

போனை எடுத்து நீட்டினான்.

சித்ரலேகா பாளையங்கோட்டையில் வக்கீல். தாமிரபரணியில் அனுமதி இல்லாமல் மணல் அள்ளிய ஒரு கூட்டத்துக்கு எதிராக வழக்கு நடத்துகிறாள். அவர்களுக்காக லாரி ஓட்டிய நமச்சிவாயம் என்ற பெரியவர், மனம் மாறி அவள் பக்கம் சாட்சியாக வந்திருக்கிறார். ஆழ்வார்திருநகரியில் ஒரு வீட்டில் அவரை ஒளித்து வைத்திருந்தாள். இப்போது அவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாள். அந்த வீடு எது என்பது அவளைத் தவிர ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவளுக்கு வண்டி ஓட்டுகிற இசக்கிமுருகனுக்கு.

விடிந்ததும் ஒரு போன் வந்திருந்தது. பழக்கமில்லாத குரல். மரியாதையான குரல்.

"புது வண்டி நல்லா இருக்கு வக்கீலம்மா. உள்ள என்னெல்லாம் இருக்குன்னு பாத்துக்கிட்டீங்களா?"

அத்தோடு வைத்துவிட்டான்.

புளியமரத்தடியில் நின்று அந்தக் குரலை அவள் மறுபடி நினைத்துப் பார்த்தாள். பிறகு, இது வெறும் ஹோல்டர் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நேரா நாசர் பாய் கடைக்கு விடு. நல்ல ஹோல்டரா ஒண்ணு மாட்டாம இந்த வண்டி கோர்ட்டுக்குப் போகாது."

"சரிம்மா," என்றான். ரோட்டின் இடது ஓரமாக, மாட்டு வண்டியை விடப் பைய ஓட்டினான். சீட்டைப் பிடித்த கையை அவளும் கடைசி வரை எடுக்கவில்லை.

நாசரின் கடை திருவனந்தபுரம் ரோட்டில் இருந்தது. சீட்டு உறை, மிதியடி, தலையாட்டும் நாய்ப் பொம்மை என்று காருக்குள் போடக்கூடிய எல்லாம் அங்கே தொங்கும். நாசர் மேலப்பாளையத்துக்காரர். பேச ஆரம்பித்தால் தொங்குகிற நாய்ப் பொம்மைகள்கூடத் தலையாட்டும்.

இசக்கிமுருகன் வண்டியைக் கடை முன்னால் நிழலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அதற்குள் விஷயத்தைக் கேட்ட நாசர், நெஞ்சில் கை வைத்தார்.

"யா அல்லா. போன் விழுந்து பிரேக்குக்கு அடியிலயா? பழைய ஹோல்டர் யாரு மாட்டினது மேடம்? என் கடைச் சரக்கு இல்லையே?"

"வண்டி வாங்கினப்போ இனாமாக் கொடுத்தாங்க."

"இனாம்னாலே இப்படித்தான் மேடம். வண்டிய வித்தவன் போயிட்டான், நீங்க போகப் பாத்தீங்க." அவர் காரின் முன்கதவைத் திறந்து டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். "முழுசும் தோலு. உறிஞ்சிப் பிடிக்குத ரப்பர் இதுல நிக்காது. கண்ணாடியில ஒட்டலாம். ஆனா வெயில் ஏறினா பைய வழுகி இறங்கிரும். பசை போட்டு ஒட்டினா நிக்கும். பிரிச்சா தோலும் கூட வரும்."

"ஏசி வாயில மாட்டுத மாதிரி ஒண்ணு உண்டுல்லா?"

"உண்டு. ஆனா உங்க ஏசி தகடு வெத்தலை மாதிரி இருக்கு. ஒண்ணு ஒடிஞ்சா கம்பெனிக்காரன் டேஷ்போர்டையே மாத்தணும்பான்." நாசர் குரலைத் தாழ்த்தினார், ரகசியம் சொல்கிறவர்போல். "இதுக்கெல்லாம் மேல ஒரு சரக்கு இருக்கு. நேத்துதான் வந்துச்சு."

உள்ளே போய் ஒரு சிறு வட்டத்தைக் கொண்டுவந்தார். மோதகம் அளவு இருந்தது. அதைக் கடை ஷட்டரில் ஒட்டினார். தன் போனின் முதுகில் ஒரு காந்த வளையத்தை வைத்து அதன்மேல் காட்டினார். டக். போன் தானே பாய்ந்து ஒட்டிக்கொண்டது. ஷட்டரைப் பிடித்து உலுக்கினார். தெருவே அதிர்ந்தது. போன் அசையவில்லை.

"காந்தம் மேடம். உடும்பு கூட இப்படிப் பிடிக்காது."

"காந்தம் வேண்டாம்."

இருவரும் திரும்பினார்கள். இசக்கிமுருகன் வாசலில் நின்றிருந்தான். படியேறி உள்ளே வரவில்லை.

"ஏன்வே?" என்றார் நாசர்.

"வேண்டாம் பாய். வேற காட்டும்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

"போன் சூடாயிரும்."

"சூடானா என்ன, நீரு அதுல தோசையா சுடப் போறீரு?"

"மேப்பு கோளாறாயிரும். திசை மாறிக் காட்டும்."

"ஆழ்வார்திருநகரிக்குப் போயிட்டு வாரதுக்கு உமக்குத் திசை வேணுமாக்கும். கப்பலா ஓட்டுதீரு?"

சித்ரலேகாவுக்கு எரிச்சல் வந்தது. காலையில் போனுக்காகக் குனிந்து ஆளைக் கொல்லப் பார்த்தவன், இப்போது போன் விழாமல் இருக்க வழி சொன்னால் மறிக்கிறான். "நீ சும்மா இரு இசக்கி. பாய், இதையே மாட்டுங்க. வளையத்தை என் போன்ல ஒட்டுங்க."

நாசர் வளையத்தை ஒட்டிக் கொடுத்தார். கோர்ட் ஹாலுக்குள் போகும்போதெல்லாம் போனை இசக்கிமுருகனிடம் கொடுப்பது அவள் வழக்கம். அவன் அதை இடது பக்கச் சட்டைப் பையில் போட்டு, வெளியே வரும் வரை காவல் காப்பான். அந்தப் பழக்கத்தில் இப்போதும் நீட்டினாள்.

"பிடி. முகம் கழுவிட்டு வாரேன்."

அவன் ஓர் அடி பின்னால் போனான். கையை முழு நீளத்துக்கு நீட்டி, செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் போனை வாங்கினான். பையில் போடவில்லை. எட்ட இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

அவள் பார்த்தாள். கடையின் பின்பக்கம் போனாள்.

குழாயடிக்குப் பின்னால் ஒரு சந்து. குழாயைத் திறக்கப் போனவள், சந்தில் இசக்கிமுருகனின் குரலைக் கேட்டுக் கையை எடுத்தாள். அவன் கடையைச் சுற்றிக்கொண்டு அங்கே வந்திருந்தான். தன் போனில் யாரிடமோ அடங்கின குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"பெட்டி உள்ளதான் இருக்கு... இல்ல, அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா முடிஞ்சது சோலி."

சித்ரலேகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில ஒரு தடவை வேலை செஞ்சிட்டு. ஆமா, நல்லாத்தான் செய்யுது... அங்கன என்ன சொன்னாங்க? காந்தம் பக்கத்துல வந்தா பெட்டி உறங்கிரும். அதான் வேண்டாம்னு நிக்கேன், கேட்டாத்தானே... சரி, சரி. அழாத. இவங்கள கோர்ட்டுல இறக்கி விட்டுட்டு நேரா வந்திருதேன். வேற யாருகிட்டயும் மூச்சு விடாத."

முகத்தில் தண்ணீர் படாமலே அவளுக்கு வேர்வை வழிந்தது.

பெட்டி. காந்தம். அம்மாவுக்குத் தெரியாது.

உள்ளே என்னெல்லாம் இருக்குன்னு பாத்துக்கிட்டீங்களா?

வண்டி போகிற இடத்தை எல்லாம் சொல்லிக் கொடுக்கிற பெட்டியா? அப்படியானால் இன்று காலை அது ஆழ்வார்திருநகரியைச் சொல்லியிருக்கும். நமச்சிவாயம் இருக்கிற தெருவை, வீட்டை, வாசலை. இல்லை, அதைவிட மோசமான பெட்டியா? அவள் அதற்கு மேல் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் அவள் வீட்டுச் சாவியையே வைத்திருந்தவன். அவள் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறினவன். எவனுக்கு விலை போனான்?

முன்னால் வந்தாள். குரலை வழக்கம்போல் வைத்துக்கொள்ள ரொம்பப் பிரயாசைப்பட்டாள். "ஏ இசக்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி நல்ல டீயா மூணு வாங்கிட்டு வா. நடந்தே போ. சாவியை வச்சிட்டுப் போ."

அவன் தலை மறைந்ததும் நாசரிடம் திரும்பினாள்.

"பாய், வண்டிக்குள்ள ஒரு பெட்டி இருக்கு. தேடி எடுக்கணும். அவன் வாரதுக்குள்ள."

"என்ன பெட்டி?"

"தெரியாது. காந்தம் பட்டா வேலை செய்யாதாம்."

நாசரின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. காந்த வட்டத்தைக் கையில் வைத்திருந்தவர், அதையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், நான் சீட்டு உறை தைக்குத ஆளு. இதுக்கெல்லாம் போலீசுல நாய் வச்சிருப்பாங்க."

"போலீசைக் கூப்பிட்டா அஞ்சாவது நிமிஷம் அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். என் சாட்சி எங்க இருக்காருன்னும் தெரியும். நீங்க தேடுதீங்களா, நானே தேடட்டுமா?"

அவர் பிஸ்மி சொல்லிவிட்டு முன்கதவைத் திறந்தார்.

சீட்டுகளைத் தூக்கினார். மிதியடிகளை உருவினார். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். பானட்டைத் திறந்தார், டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருக்கிற பள்ளத்தைத் துழாவினார். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், முகத்தைத் திருப்பினால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுபோல்.

"ஒரு சீப்பு. ரெண்டு ஏலக்காய். திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம்," என்று எழுந்தார். "வேற ஒண்ணும் இல்ல மேடம். பெட்டின்னு சொன்னா ஒரு தீப்பெட்டிகூட இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இதுக்கு மேல பாக்கணும்னா வண்டிய வெட்டணும்."

டீத்தூக்கோடு இசக்கிமுருகன் வந்தான். நான்கு கதவும் திறந்து கிடக்கிற காரையும், தரையில் பரப்பிய சீட்டுகளையும் பார்த்தான். நடை நின்றது.

"என்னம்மா இது?"

"பெட்டி எங்க இருக்கு இசக்கி?"

அவன் முகத்தில் ரத்தம் வடிந்து போனதை அவள் கண்ணால் கண்டாள். எத்தனையோ குற்றவாளிகளைக் கூண்டில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு சீக்கிரம் ஒருவனும் முகத்தில் ஒத்துக்கொண்டதில்லை.

"எந்தப் பெட்டி?"

"அம்மாவுக்குத் தெரியாதுன்னு சொன்னியே, அந்தப் பெட்டி. காலையில வேலை செஞ்சிட்டுன்னு சொன்னியே, அது. எவன் கொடுத்தான்? நமச்சிவாயம் இருக்குத வீட்டைச் சொல்லிட்டியா?"

"நமச்சிவாயம் ஐயாவா? அவருக்கும் இதுக்கும் என்னம்மா..."

"வேய், நடிக்காதீரும்," என்று நாசர் பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மனுஷருக்குக் கோபத்தை விடப் பயம் அதிகம். அதனால் பிடியும் அதிகம். "பிள்ளைகுட்டி இருக்குத கடை இது. வண்டிய இங்கன கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கீரே, பாவி."

காந்த வட்டம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. சட்டையோடு சேர்ந்து அது இசக்கிமுருகனின் இடது நெஞ்சில் அழுந்தியது.

டீத்தூக்கு கீழே விழுந்தது. அவன் நாசரை முழு பலத்தோடு தள்ளினான். அவர் மிதியடிக் கட்டின்மேல் போய் விழுந்தார். இவன் சுவரோடு ஒண்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தினான்.

"காந்தத்தை அங்கிட்டு எடும் பாய். உம்மக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

நாசர் காந்தத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"சொன்னா வேலை போயிரும்மா," என்றான் இசக்கிமுருகன்.

"சொல்லலேன்னா போலீசு வரும்."

அவன் சட்டையின் மேல் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். இடது தோளெலும்புக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. இன்னும் சிவப்பு மாறவில்லை. அதற்கு அடியில், தோலுக்குள், தேய்ந்த சோப்புக் கட்டி ஒன்றை வைத்துத் தைத்ததுபோல் ஒரு மேடு.

"இதாம்மா பெட்டி."

சித்ரலேகா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது தன் போன்மேல் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"சித்திரையில மச்சினன் கல்யாணம்னு லீவு போட்டேன்லா. கல்யாணம் இல்ல. மதுரையில ஆஸ்பத்திரியில கெடந்தேன். இருதயம் தாளம் தப்பி ஓடுதாம். அப்படி ஓடிச்சுன்னா இது உள்ள இருந்து கரண்டு கணக்கா ஒரு உதை விடும். திரும்பச் சரியாயிரும். காந்தம் கிட்ட வந்தா பெட்டி உறங்கிரும், உதைக்காது. ஒரு சாண் தள்ளி வச்சா போதும்னாங்க. ஆனா உங்க போன் என் பையிலதான கெடக்கும்."

"என்கிட்ட சொன்னா என்னடே?"

"கூலிக்கு வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாரு டாக்டர். எனக்கு வேற என்ன தெரியும்? சந்துல வீட்டுக்காரிகிட்டதான் பேசினேன்."

நாசர் எழுந்து வந்து, அவன் சட்டைப் பட்டன்களைத் தானே போட்டுவிட்டார். "என்னைக் கொல்லப் பாத்தீரேவே," என்றார். "உள்ளுக்குள்ள இப்படி ஒரு சாமானை வச்சிக்கிட்டு எந்நேரமும் பேட்டரி கடைக்காரன் மாதிரி உம்முன்னு திரிஞ்சா யாருக்குத் தெரியும்?"

சித்ரலேகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது. நமச்சிவாயம் பத்திரமாக இருக்கிறார். இசக்கிமுருகன் விலை போகவில்லை. காலையில் மிரட்டினவன் வெறும் வாயால்தான் மிரட்டியிருக்கிறான். கல்லாகக் கனத்துக்கொண்டிருந்த நெஞ்சுக்குள் காற்று போய் வந்தது.

"பாய், வளையத்தைப் பிய்ச்சு எறிங்க. காந்தம் இல்லாம என்ன இருக்கு?"

"டம்ளர் வைக்குத குழியில நிக்குத மாதிரி ஒண்ணு இருக்கு மேடம். திருகி இறுக்கிட்டா ஆனை இழுத்தாலும் வராது. போனை ரெண்டு பக்கமும் கை மாதிரி பிடிச்சுக்கிடும். பாக்க அழகா இருக்காது."

"எனக்கு அழகு வேண்டாம். விழாம இருந்தாப் போதும்."

சீட்டுகள் உள்ளே போயின. ஹோல்டரைத் திருகி இறுக்கி, நாசர் போனை அதில் வைத்து, குலுக்கிக் காட்டினார். அது அசையவில்லை.

"பாத்துக்கிட்டியா? இனி போன் விழாது, நீயும் குனிய வேண்டாம்," என்றாள் சித்ரலேகா. "உன் வேலையைப் பத்தி ராத்திரி நிதானமாப் பேசுவோம். உனக்கு ஆபீசுலயே ஒரு வழி பண்ணுதேன். இப்ப வண்டியை எடு. கோர்ட்டுக்கு நேரமாச்சு."

சாவியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"என்ன?"

"வேற ஆள் பாத்துக்கிடுங்கம்மா. ஆட்டோ பிடிச்சுத் தாரேன்."

"அதான் ஹோல்டர் மாட்டியாச்சே."

அவன் அந்த ஹோல்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "போன் விழுந்து நான் குனியலம்மா," என்றான். "கருங்குளம் வளைவு வரைக்கும் நெனவு இருக்கு. பிறகு ஒண்ணும் இல்ல. பெட்டி உதைச்சுதான் கண்ணு முழிச்சேன். முழிச்சா எதுத்தாப்புல புளியமரம், கால்ல போன் கெடக்கு. நான் சரிஞ்சப்போ தட்டி விழுந்திருக்கும். கேட்டீங்க, அதையே சொல்லிட்டேன்."

சாவி அவள் கையிலேயே நின்றது. கைக்குள் இன்னும் ஸ்டியரிங்கின் வழுவழுப்பு இருந்தது.

"அப்போ அந்த லாரி?"

இசக்கிமுருகன் தலையைத் தூக்கினான்.

"எந்த லாரிம்மா?"